எஸ், ஈம், ஸிஷ்: ஜெர்மன் சொல்வரிசை விதிகளில் நாள்பட நிற்பது எது?

'டாட்டிவ் (யாருக்கு) முதலில், அக்குஸாட்டிவ் (எதை) பிறகு' என்று ஆரம்ப வகுப்பில் மனப்பாடம் செய்யும் விதி பெயர்ச்சொற்களுக்கு நன்றாகவே ஓடும். 'இஷ் கேபெ டேம் கிண்ட் டாஸ் பூஹ்', குழந்தைக்குப் புத்தகம் கொடுக்கிறேன். புத்தகத்தை 'எஸ்' (அதை) ஆக்கியதுமே வரிசை மாறிவிடும்: 'இஷ் கேபெ எஸ் டேம் கிண்ட்'. குழந்தையும் பிரதிப்பெயரானால் 'இஷ் கேபெ எஸ் ஈம்' (ஈம்: அதற்கு, அவனுக்கு). (நம் நான்காம் வேற்றுமைதான் டாட்டிவ், ஜெர்மன் இலக்கணத்தில் அதற்கு மூன்றாம் எண். எண் சொல்லிப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.)

வருஷக்கணக்கில் பேசி எழுதிய பிறகும் கைவிடாதது இந்த விதிதான்: பிரதிப்பெயர் பெயர்ச்சொல்லுக்கு முன்னால், இரண்டும் பிரதிப்பெயர் என்றால் அக்குஸாட்டிவ் முன்னால். பிரதிப்பெயர் குறிப்பது தெரிந்த விஷயம், அழுத்தமும் கிடையாது. அதனால் வினையை ஒட்டியே வந்துவிடும். புதுச் செய்தி பின்னால் போகும்.

'அது, அதை' என்று சுட்டும் 'டாஸ்' மட்டும் இதற்கு அடங்காது. அழுத்திச் சொல்வதால் பெயர்ச்சொல் மாதிரி நடக்கும்: 'இஷ் கேபெ டியர் டாஸ்' (உனக்கு அதைக் கொடுக்கிறேன்) சரி. வாக்கியத்தின் தொடக்கத்தில் செயப்படுபொருளாக 'எஸ்' வைத்தால் காதில் உறுத்தும். 'டாஸ் ஹாபெ இஷ் நிஷ்ட் கெஸேஎன்' (அதை நான் பார்க்கவில்லை) என்பதே பழக்கம்.

எழுவாய் பெயர்ச்சொல்லாக இருந்தால் பிரதிப்பெயர் அதையும் முந்தலாம்: 'கெஸ்டர்ன் ஹாட் மியர் மைன் ப்ரூடர் கெஹோல்ஃபன்' (நேற்று எனக்கு என் சகோதரன் உதவினான்; மியர்: எனக்கு). எழுவாயே 'ஏர்' (அவன்) என்றால் 'ஹாட் ஏர் மியர்' மட்டும்தான். 'ஸிஷ்' (தன்னை, தனக்கு) கதையும் இதே. 'என்று' எனப் பொருள்படும் வேறொரு 'டாஸ்' (dass) என்ற இணைப்புச்சொல்லை ஒட்டி 'ஸிஷ்' வந்து, நீளமான எழுவாய் நடுவில் படுத்துக்கொண்டு, வினை கடைசியில் வரும் செய்தித்தாள் வாக்கியங்களில்தான் பலர் திணறுகிறார்கள். 'ஸிஷ்' கண்ணில் பட்டதும் அதற்குரிய வினையைக் கடைசியில் தேடிப் பார்த்துவிட்டு நடுப்பகுதியைப் படித்தால் பாதி சிரமம் குறையும்.

சொல்வரிசை சுதந்திரம் வேற்றுமை உருபு தெரியும் வரைதான். 'டேன் ஹுண்ட் பைஸ்ட் டேர் மான்' என்றால் நாயைக் கடிப்பது மனிதன், சந்தேகமில்லை. 'ஸீ ஸீட் டீ ஃப்ராவ்' (ஸீ: அவள், ஸீட்: பார்க்கிறாள், டீ ஃப்ராவ்: அந்தப் பெண்) என்பதில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம். முதலில் வருவதையே எழுவாயாக எடுத்துக்கொள்வார்கள்.

தமிழ்ப் பழக்கத்தில் வரும் பிழை வேறு. 'அவருக்குக் கொடுத்துட்டேன்' என்று 'அதை'யை நாம் விழுங்கலாம். அதையே ஜெர்மனில் 'இஷ் ஹாபெ ஈம் கெகேபன்' என்றால் அந்தரத்தில் நிற்கும், 'எஸ்' கட்டாயம். தெற்கு ஜெர்மனியில் 'கிப் மியர்ஸ்' (எனக்கு அதைக் கொடு; கடைசி 'ஸ்' என்பது சுருங்கிய 'எஸ்') என்று டாட்டிவ் முந்துவது காதில் விழும்; தேர்வுத்தாளில் 'கிப் எஸ் மியர்' என்றே எழுதுங்கள்.