பாதைத் தகராறு: வழக்கா, பதிவுப் பத்திரமா?

எங்கள் வயலுக்குத் தார்ச்சாலையிலிருந்து நேர்வழி கிடையாது. பக்கத்து நிலத்தின் கிழக்கு வரப்பை ஒட்டித்தான் 30 வருடமாகப் போய்வந்தோம். அந்த நிலம் பாகம் பிரிந்த பிறகு, ஒருநாள் காலையில் வரப்பு முனையில் இரண்டு கல்தூணும் முள்கம்பியும் நின்றன. வாய்ப்பேச்சில் சமாதானம், உரிமையியல் வழக்கு, பதிவு செய்த வழிநடை பாத்தியப் பத்திரம் (அடுத்தவர் நிலத்தில் போய்வரும் உரிமையை எழுதி வாங்குவது) என்று மூன்று வழிகள் இருந்தன. நாங்கள் பத்திரம் போட்டுக்கொண்டோம். மறுபடி இப்படி ஒரு நிலை வந்தாலும் அதைத்தான் செய்வேன்.

வழக்கு என்றால் வருடக்கணக்கில் இழுக்கும், செலவாகும், முகம் பார்த்துப் பேச முடியாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நாளைக்குப் பக்கத்து நிலம் கைமாறினால் பாதை என்ன ஆகும்?

பக்கத்து நிலத்துப் பெரியவர் அப்பாவிடம், "நான் இருக்கிற வரைக்கும் உன்னை யாருப்பா தடுக்கப் போறா?" என்பார். மனதாரச் சொன்ன வார்த்தைதான். ஆனால் வெறும் அனுமதி, நிலத்தை வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது. 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 59வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதே சட்டத்தின் 15வது பிரிவுப்படி, 20 வருடம் தடையில்லாமல், உரிமையாக நடந்திருந்தால் பாதை நமக்குப் பாத்தியப்படும். கேட்டுக் கேட்டு நடந்தால் அது அனுமதி, உரிமை ஆகாது. அப்பா ஒவ்வொரு அறுவடைக்கும் மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வண்டியை விடுவார். அந்த நல்ல பழக்கமே வழக்கில் எங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கும்.

வேறு வழியே இல்லை என்று காட்டி உரிமை கேட்கலாம்தான். ஆனால் இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒருவர் கையில் இருந்து பிரிந்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்தாலும், பின்னால் இன்னொரு பக்கம் ரோடு வந்துவிட்டால் 41வது பிரிவின்படி அந்த உரிமை போய்விடும். எழுதி வாங்கிய பாத்தியத்துக்கு அந்தப் பயம் இல்லை. பதிவான பத்திரம், ஒரு நிலத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறும். வாங்க வருகிறவர், பாதை இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நம் நிலத்தை நாம் விற்கும்போதும் வழி உள்ள நிலம் என்று காகிதத்தோடு காட்டலாம்.

எழுதுவதில்தான் கவனம் வேண்டும். முதல் நகலில் எழுத்தர் "ஆள் நடந்து போக வர" என்று மட்டும் எழுதியிருந்தார். அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் அறுவடை இயந்திரம் ரோட்டிலேயே நின்றிருக்கும். அகலம் 12 அடி, டிராக்டர் உள்ளிட்ட வண்டி வாகனங்கள், இரு தரப்பு வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்று திருத்தி எழுத வைத்தோம். சொத்து விவரத்தில் இரண்டு சர்வே எண்களும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர் கண்ணில் படாமல் போகலாம். கூட்டுப் பட்டா என்றால் பங்குதாரர் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் எல்லைக்கல் வரப்பு மண்ணுக்குள் ஒரு முழ ஆழத்தில் கிடந்தது. தோண்டி எடுத்த பிறகுதான் இரு தரப்பிலும் குரல் தணிந்தது.

பாத்தியத்துக்குப் பணம் கொடுத்தோம். இத்தனை வருடம் நடந்த பாதைக்குக் காசா என்று அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வருத்தம் நியாயமானதுதான்.

எதிர்த் தரப்பு பேசவே மறுத்தால் பத்திரத்துக்கு இடமில்லை, வழக்குத்தான். அப்போது தாமதிக்கக் கூடாது. அந்த 20 வருடக் கணக்கு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். வேலி போட்டபின் சும்மா இருந்துவிட்டால் நடந்த வருடங்கள் வீணாகிவிடும். வழக்கைக் கடைசிவரை நடத்திய அனுபவம் எனக்கில்லை. சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கும் (லோக் அதாலத்) போனதில்லை. ஆனால் அங்கே சமரசமானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வழக்கில் பாதி தூரம் போய்விட்டவர்கள் அதைப் பற்றித் தங்கள் வக்கீலிடம் கட்டாயம் கேட்க வேண்டும். அங்கே எழுதும் சமரசத்திலும் அகலத்தையும் வண்டியையும் விட்டுவிடாதீர்கள்.