எஜியோஃபோர்: மேடையா, திரையா?

லண்டனில் நைஜீரிய இக்போ பெற்றோருக்கு 1977-இல் பிறந்த நடிகர் சூயிடெல் எஜியோஃபோரை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

மேடை: லண்டனின் டான்மார் வேர்ஹவுஸ் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் ஒதெல்லோ, 2007. சுமார் 250 இருக்கைகளே என்பதால் தாழ்ந்த குரலும் கடைசி வரிசையை எட்டும். பிரிட்டிஷ் நாடக விருதான ஒலிவியர் விருது பெற்றார்.
திரை: '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 2013. கடத்தி அடிமையாக விற்கப்பட்டவராக நடித்தார். பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டா, ஆஸ்கர் பரிந்துரை.

கருவி, மேடையில்: குரல். ஒதெல்லோவின் பொறாமை பேச்சின் வழியேதான் வளர்கிறது.
கருவி, திரையில்: முகம். படத்தில் இறந்த ஒருவரை அடக்கம் செய்து முடித்து மற்றவர்கள் பாடும்போது இவர் முதலில் வாய் திறப்பதில்லை. கேமரா நகராமல் காத்திருக்கிறது. உதடு மெல்ல அசைகிறது, பிறகு முழுக்குரலில் சேர்கிறார். வசனமே இல்லை! இவருடைய ஆகச் சிறந்த நிமிடங்கள் இவைதாம்.

கிடைப்பது: படம் எளிது, 134 நிமிடம். ஒதெல்லோ பிபிசி ரேடியோ 3-இல் ஒலிவடிவமாக வந்தது. லண்டன் நேஷனல் தியேட்டரில் இவர் நடித்த 'எவ்ரிமேன்' நாடகம் 2015-இல் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பானது.

ஒரே மாலைதான் இருக்கிறதென்றால் படம். நடிப்பு பயில்பவர் ஒதெல்லோவைக் கேட்டுவிட்டுப் படத்துக்கு வரட்டும்.