கேனான் 1500டி: ஏவி போதுமா, மேனுவல் வேண்டுமா?

மதுரைப் பக்கம் புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குவோர் பலரின் கையில், 2018இல் வெளிவந்த கேனான் இஓஎஸ் 1500டி கேமராவை இன்றும் காணலாம். 24.1 மெகாபிக்சல் கொண்ட அதன் படத்தரத்தில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை நாம் வைக்கும் ஏவி, ஒளி விழும் நேரமான ஷட்டரை நாம் வைக்கும் டிவி, இரண்டையும் நாமே வைக்கும் எம் என்ற மேனுவல் ஆகிய முறைகளைக் கையாள அது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைத்தான் வாங்குபவர் பார்க்க வேண்டும்.

இதில் எண்களை மாற்றுவதற்கு ஒரே டயல்தான் உள்ளது. ஏவி முறையில் அது அப்பர்ச்சரை மாற்றும். ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். மேனுவலில் அதே டயல் ஷட்டருக்குப் போய்விடுவதால், அப்பர்ச்சரை மாற்றப் பின்பக்கத்துப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே டயலைச் சுழற்ற வேண்டும். அவசரத்தில் இது தொல்லைதான்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் விடியற்காலையில், விளக்கொளியில் எடுக்கத் தொடங்கும் படங்கள் சிறிது நேரத்திலேயே பகல் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்த நெரிசலில் மேனுவலைக் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை. ஏவியில் அப்பர்ச்சரை எஃப் 5.6 என வைத்து, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஷட்டர் வேகம் மிகவும் இறங்கிவிடாமல் கவனித்தால் போதும். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்கிடும் என்பதால், வெள்ளை வேட்டிகள் நிறைந்த காட்சிக்கு ஒரு ஸ்டாப் (ஒளி இருமடங்காகும் அளவு) கூட்டவும், இருட்டுப் பின்னணியில் தங்கக் குதிரை மட்டும் தெரியும் காட்சிக்கு ஒரு ஸ்டாப் குறைக்கவும் பழகிக்கொள்ள வேண்டும்.

திருமலை நாயக்கர் மகாலில் நிலைமை வேறு. ஒரு வெண்தூண் படத்தை நிறைத்தால் ஏவி அதை மங்கலாக்கும். சற்றே நகர்ந்து இருண்ட தாழ்வாரத்தைச் சேர்த்தால் அதே தூண் வெளிறிப்போகும். வெயில் மாறவில்லை, படத்துக்குள் வருவதுதான் மாறியது. ஆயினும் மீட்டர் ஒவ்வொரு முறையும் புதிய கணக்குப் போடுகிறது. இங்கே மேனுவலில் ஒருமுறை தூணுக்குச் சரிபார்த்து வைத்துவிட்டால், முற்றத்தில் எடுக்கும் படங்கள் யாவும் ஒரே சீராக அமையும். டயலைத் தொடவேண்டிய தேவையே அரிதாகிவிடுவதால் ஒற்றை டயலின் குறையும் தெரிவதில்லை. (பச்சை நிற முழுத் தானியங்கி முறை, நிழல் கண்ட இடத்தில் தானாக ஃபிளாஷைத் தூக்கும், அத்தனை உயரத் தூண்களுக்கு அந்த வெளிச்சம் எம்மூலைக்கு?)

வண்டியூர்த் தெப்பக்குளத்தின் இரவு விளக்குகளுக்கும் ஸ்டாண்டும் மேனுவலுமே சரி. அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு டிவியில் 1/1000 நொடி வைக்கலாம். லென்ஸின் மிகச் சிறிய அப்பர்ச்சர் எண் திரையில் விட்டுவிட்டு மின்னினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள், ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும்.

மேனுவலுக்குப் போகிறவர் கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸையும் கவனிக்க வேண்டும். 18இல் எஃப் 3.5 வைத்து 55 வரை ஜூம் செய்தால் அப்பர்ச்சர் தானே 5.6க்குச் சுருங்கி, ஒரு ஸ்டாப்புக்கும் மேலாக வெளிச்சம் குறையும். ஏவி இதை ஷட்டரில் ஈடுகட்டிவிடும்; மேனுவலில் ஐஎஸ்ஓவும் நிலையாக இருந்தால் படம் இருண்டுவிடும். தொடக்கத்திலேயே 5.6 வைத்துக்கொள்வது நல்லது.

பயணத்துக்கும் திருவிழாவுக்கும் இந்தக் கேமரா தாராளமாகப் போதும். மண்டபத்துக்கும் வெளிமுற்றத்துக்கும் மாறி மாறி ஓடிக் கல்யாணப் படம் எடுக்கும் தொழில்காரர்கள், பழைய மாடலாக இருந்தாலும் இரண்டு டயல் உள்ள கேமராவைத் தேடுவதே மேல்.