மேல்மலையில் ட்ரோன் மருந்தடிப்பு: அடிப்பது அருமை, கிளம்புவதில்தான் கண்டம்

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி பக்கம் உருளைக்கிழங்கு போட்டிருப்பவர்கள் ட்ரோன் வைத்து மருந்தடிக்கலாமா என்று யோசித்தால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். அடிவாரத்திலிருந்து ஜீப்பில் வருகிறார்கள், ஏக்கருக்கு 800 ரூபாய், மருந்து நம்முடையது. கீழே இதே ஆட்கள் 500-க்கு அடிக்கிறார்கள். சரி, மலையேறும் கூலி என்று விட்டுவிடலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூறலும் பனியுமாகக் கருகல் நோய் இறங்குகிற நேரத்தில் மருந்தடிக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு அடுக்கு அடுக்காக ஏறி இறங்கி ஒரு ஏக்கர் முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ட்ரோன் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டது. அடித்த கையோடு இலையைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கமும் நனைந்திருந்தது. கருகல் பூசணம் வெள்ளையாகப் பூப்பது அங்கேதான் என்பதால் எனக்கு அதுதான் முக்கியம்.

ஆனால் இது இரண்டாவது ட்ரோன் செய்த வேலை. முதல் ட்ரோன் கிளம்பும்போதே விழுந்துவிட்டது.

பத்து லிட்டர் டேங்கை விளிம்பு வரை நிரப்பி, அடுக்கின் ஓரத்தில், கொஞ்சம் சரிவான இடத்தில் வைத்தார்கள். எங்கள் தோட்டத்துப் பெரியவர், "தம்பி, காத்து கீழேருந்து ஏறுது, உள்ளே தள்ளி வைங்க" என்றார். பைலட் பையன் "ஒண்ணும் ஆகாதுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுக் கிளப்பினான். இடுப்பு உயரம்கூட ஏறவில்லை, பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது, ஒரு இறக்கை கல்கட்டில் அடித்துத் தெறித்தது, அப்படியே கவிழ்ந்து கீழ் அடுக்கில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்து அக்காவின் பீன்ஸ் பாத்தியில் போய் விழுந்தது. மஞ்சள் கரைசல் மொத்தமும் அங்கேதான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கரைக்கிற மாங்கோசெப் என்ற பூசண மருந்தை ட்ரோனுக்குப் பத்து லிட்டரில் கரைக்கிறார்கள், அதாவது இருபது மடங்கு கெட்டி. பீன்ஸ் இலை கருகாமல் என்ன செய்யும்?

இதில் புதிதாக எதுவும் இல்லை. 1921-இல் அமெரிக்காவின் ஓஹயோவில் முதன்முதலாக விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவினார்கள், அந்தத் தொழிலில் கிளம்பும் நேரமும் ஆபத்தானதுதான். தொட்டி நிறைய மருந்து, டேங்க் நிறைய பெட்ரோல், கரடுமுரடான குட்டை ஓடுபாதை. அதோடு வெயிலோ உயரமோ சேர்ந்தால் இறக்கைக்குப் பிடிமானம் குறைந்துவிடும். அதனால்தான் மருந்து தூவும் விமானங்களில் விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறார்கள். எழும்பவில்லை என்று தெரிந்தால் அதை இழுத்து மருந்து முழுவதையும் சில நொடிகளில் கொட்டிவிடலாம். எங்களுக்கு வந்த ட்ரோனில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆள் உள்ளே இல்லை, யாருக்கும் அடிபடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 விழுக்காடு குறைவு. அதே எடையைத் தூக்க விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், காலைக் குளிரில் அது இன்னும் மோசம். கீழே நெல் வயலில் பழகிய கை அதே முழு டேங்கை இங்கேயும் தூக்கப் பார்த்தால் சமாளிக்க மிச்ச பலம் எங்கே இருக்கும்?

விழுந்த பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தைக் குறை சொல்ல மாட்டேன். மழுப்பவில்லை, மறுநாளே வேறு ட்ரோனோடு கொஞ்சம் வயதான பைலட் வந்தார். வந்ததும் சமதளமாக ஒரு இடம் கேட்டார், தார்ப்பாய் விரித்தார், வெறும் டேங்கோடு ஒரு சுற்று பறக்கவிட்டுப் பார்த்தார், அப்புறம் ஆறு லிட்டர் மட்டும் ஊற்றினார். தடவை கூடுகிறது, பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் இங்கே செய்ய வேண்டியது இதுதான். அக்காவுக்கும் பாத்திக்கான பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கூப்பிடுகிறவர்கள் போனிலேயே கேட்டுவிடுங்கள்: மலையில் ஓட்டிய பைலட்டா, அவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்கிறதா, அடுத்தவர் நிலத்தில் விழுந்தால் காப்பீடு உண்டா. பக்கத்தில் ஓடையோ குடிநீர்க் கிணறோ இருந்தால் கிளம்பும் இடத்தை நீங்களே தள்ளிக் காட்டுங்கள், அவர்கள் வசதியைப் பார்க்காதீர்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த வயதான பைலட்டே வருவார் என்றால் நாலு. கொட்டிப்போன மருந்துக்கு மட்டும் இன்னும் காசு வரவில்லை, கேட்டால் அடுத்த தடவை பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள்.