பெல்ஜியத்தில் ஆறு நாள் சைக்கிள் டூர்: போகலாமா?

ஞாயிறு தவறாமல் மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்குச் சைக்கிள் மிதிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். போக வர 40 கி.மீ. அந்தத் தெம்பில்தான் 58 வயதில் மச்சானையும் இழுத்துக்கொண்டு புரூஜிலிருந்து ஈப்பர் வரை போகும் டூருக்குப் பணம் கட்டினேன்.

பாதையில் குறையே இல்லை. மேடு குறைவு, எதிர்க்காற்றுதான் ஆளைத் தள்ளுகிறது. சந்திப்புக்குச் சந்திப்பு எண் பலகை இருக்கிறது. அன்றைக்குப் போக வேண்டிய எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போனைத் தொடவே வேண்டாம். ஊருக்குள் கல் பாவிய தெருக்கள் மட்டும் இடுப்பைப் பதம் பார்த்தன.

சாப்பாட்டுக்கு 5க்கு 1. "சைவம்தானே, பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். மூன்று நாள் உருளைக்கிழங்கு ஃப்ரைஸை வெளுத்துக் கட்டிய பிறகுதான், மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது அங்கே பழைய வழக்கம் என்று தெரிந்தது. "மாப்ளே, இதை உங்க அக்காகிட்ட சொல்லிராதீங்க" என்றார் மச்சான். அப்புறம் பிரெட்டில் புளிக்காய்ச்சல் தடவித்தான் ஓட்டினோம்.

முதல் உலகப் போரில் தரைமட்டமாகி, பழையபடியே திரும்பக் கட்டிய ஊர் ஈப்பர். அங்குள்ள மெனின் வாயிலில் உடல் கிடைக்காத 54,000க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள். தினமும் இரவு 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு பியூகிள் ஊதுகிறார்கள். 1928இல் தொடங்கியது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் ஊர் இருந்தபோதுதான் நின்றது. 1944 செப்டம்பரில் ஊர் மீண்ட அன்று மாலையே மறுபடி ஊதினார்களாம்.

என் பெரிய குறை வேறு. எல்லை தாண்டினால் பிரான்சில் நூவ் ஷப்பேல். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்த 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர் பொறித்த நினைவிடம். டூர் திட்டத்தில் அது இல்லை, கேட்டால் "வழியில் இல்லை" என்கிறார்கள். ஓய்வு நாளில் நாங்களே போனோம், போக வர 70 கி.மீ.க்கு மேல். தாமரைத் தலை வைத்த உயரமான தூண், இரு பக்கமும் கல் புலிகள். சிங், கான், குருங், தாபா என்று சுவர் நீள்கிறது. ஒரு மணி நேரம் இருந்தோம், வேறு ஈ காக்கை இல்லை. பார்வையாளர் ஏட்டில் மச்சான் தமிழிலேயே 'மதுரை' என்று எழுதினார்.

போகிறவர்கள் அந்த இடத்தையும் திட்டத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் வையுங்கள், ஒன்று பத்தாது.