"ட்ரிம் பண்ணி, டெஸ்ட் ஃப்ளைட் முடிச்சு தர்றேன்"னு சொல்றவங்ககிட்ட ஏரோபேட்டிக் (வானத்துல வித்தை காட்டுற) ஆர்சி ப்ளேன் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

மதுரை, திண்டுக்கல், திருச்சி பக்கம் ஆர்சி ப்ளேன் (ரிமோட்ல பறக்குற குட்டி விமானம்) ஓட்டுற எல்லாருக்கும் இத பகிருங்க ப்ளீஸ். ஆள் பேரும் கடை பேரும் போடல, கன்ஸ்யூமர் கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், அது நடக்குது. ஆனா என்ன குடுத்தான்னு சொல்றதுக்கு ஒரு தடையும் இல்ல.

ஃபோம் ட்ரெய்னர் ஓட்டி ஓட்டி கை ஓரளவு செட் ஆயிடுச்சு, அடுத்து பால்சா (லேசான மரக்கட்டை) ப்ளேன், அதுலயும் எக்ஸ்ட்ரா 300 தான்னு ரொம்ப நாள் ஆசை. தெரியாதவங்களுக்கு, அது ஜெர்மனிக்காரர் வால்டர் எக்ஸ்ட்ரா டிசைன் பண்ணது, நிஜ ப்ளேன் 1988ல முதல்ல பறந்துச்சு. றெக்கையோட மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரே வளைவு, அதனால நேரா பறந்தாலும் தலைகீழா பறந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். இதுல ஒரு விஷயம் இருக்கு. ட்ரெய்னர் மாதிரி இது தானா நிமிர்ந்துக்காது, நாம செட் பண்ணது எப்படியோ அப்படித்தான் பறக்கும். சிஜி (ப்ளேனோட எடை சமமா நிக்கிற புள்ளி) தப்பா இருந்தா அந்த தப்பு பறக்கறதுல அப்படியே தெரியும். அதனாலதான் ட்ரிம்மிங், அதாவது ப்ளேன் கோணாம பறக்கற மாதிரி செட்டிங்க சரி பண்றது, தெரிஞ்ச ஆள் கையால வாங்கணும்னு நெனச்சேன்.

வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் விளம்பரம். 48 இன்ச் றெக்கை, லேசர் கட் பால்சாவும் லைட் ப்ளைவுட்டும், புதுசா கட்டி, எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் போட்டு 32,500. அதுக்கு மேல "ப்ரொஃபஷனல் ட்ரிம்மிங் அண்ட் டெஸ்ட் ஃப்ளைட்"னு தனியா 6,000. மொத்தம் 38,500 ரூபாய். எடை 1.3 கிலோ, 4எஸ் (நாலு செல்) பேட்டரி, 13க்கு 6.5 ப்ராப் (முன்னாடி சுத்துற விசிறி), 70 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டாருக்குப் போற கரண்ட கட்டுப்படுத்துறது), டிஜிட்டல் மெட்டல் கியர் சர்வோ (றெக்கை, வால் மடிப்புகள அசைக்கிற குட்டி மோட்டார்). "அண்ணே, நீங்க பேட்டரி மாட்டி தூக்கி விட்டா போதும்ணே, மீதிய அதுவே பாத்துக்கும்"னாரு. பறக்குற வீடியோவும் அனுப்பினாரு, நைஃப் எட்ஜ் (பக்கவாட்டுல சாஞ்சு பறக்கறது), ஹோவர் (மூக்க மேல தூக்கி ஒரே இடத்துல நிக்கறது) எல்லாம் சும்மா பின்னியிருந்துச்சு. என்ன, சத்தத்துக்கு பதிலா மேல ஏதோ பாட்டு போட்டிருந்துச்சு.

பார்சல் வந்துச்சு. பாக்க அழகா இருந்துச்சு, மஞ்சளும் நீலமும் கவரிங், ஒரு சுருக்கம் இல்ல. எங்க குரூப்ல ஒரு மூத்த அண்ணன் இருக்காரு, க்ளோ இன்ஜின் காலத்துலேருந்து கட்டுறவரு, யார் புது ப்ளேன் கொண்டு வந்தாலும் அவர் டேபிள்ல வெச்சு பாக்காம மேலூர் பக்கத்து கண்மாய்க்கு எடுத்துட்டுப் போக விடமாட்டாரு. அங்கதான் எல்லாம் வெளிய வந்துச்சு.

முதல்ல அவர் ப்ளேன தொடவே இல்ல. ரேடியோவ (ஓட்டுற ரிமோட்ட) குடுன்னாரு. விக்கிறவர் அவரோட செட்டிங் எல்லாம்னு ஒரு மாடல் ஃபைல் அனுப்பியிருந்தாரு, அத என் ரேடியோமாஸ்டர் ரிமோட்ல ஏத்தியிருந்தேன். தொறந்து பாத்தா எலிவேட்டர் (மூக்க ஏத்தி இறக்குறது), ரட்டர் (இடம் வலம் திருப்புறது), எய்லரான் (உருட்டுறது) எல்லாமே நூறு பர்சன்ட், எக்ஸ்போ (ஸ்டிக்கோட நடுவுல அசைவ சாஃப்டாக்குறது) பூஜ்யம், டூயல் ரேட் (அசைவோட அளவ ஸ்விட்ச்ல கூட்டி குறைக்கிறது) கிடையாது, ஒரு மிக்ஸ் (ஒண்ண அசைச்சா இன்னொண்ணும் தானா அசையறது) கூட இல்ல, ட்ரிம் எல்லாம் நட்ட நடு சென்டர்ல, டைமர் பூஜ்யம். எலிவேட்டர் 45 டிகிரிக்கு மேல அடிக்கிற த்ரீடி (ஹோவர் மாதிரி வித்தை பண்ற) ப்ளேன்ல எக்ஸ்போ இல்லாம மனுஷன் ஓட்ட முடியாதுங்க, ஹை ரேட்ல பாதிக்குப் பக்கத்துல வெச்சாத்தான் சென்டர்ல கொஞ்சமாவது சாஃப்டா இருக்கும். அப்புறம் நைஃப் எட்ஜ்ல ரட்டர் குடுத்தா எந்த எக்ஸ்ட்ராவும் கொஞ்சமாவது வயித்துப் பக்கமோ கேனபி பக்கமோ இழுக்கும், கொஞ்சம் உருளப் பாக்கும், அதுக்குத்தான் ரட்டர்லேருந்து எலிவேட்டருக்கும் எய்லரானுக்கும் ரெண்டு மூணு பர்சன்ட் மிக்ஸ் போடுறது. ட்ரிம் பண்ணவன் ஃபைல்ல அந்த கோணல் மாணலான நம்பரெல்லாம் இருக்கும். 3, மைனஸ் 2, 47 இப்படி. எல்லாம் ரவுண்டா பூஜ்யமும் நூறுமா இருந்தா அது ஃபேக்டரி டீஃபால்ட். "தம்பி, இந்த 6,000 எதுக்குடா குடுத்த?"ன்னு கேட்டாரு அண்ணன்.

அடுத்து தராசு. பேட்டரியோட 1.74 கிலோ! இந்த சைஸ் றெக்கைக்கு ஏரியா சுமார் 32 சதுர டெசிமீட்டர், 1.3ன்னா டெசிமீட்டருக்கு 40 கிராம் சொச்சம், இது 54. லேண்டிங்ல கல்லு மாதிரி விழும். சிஜி விங் ட்யூப்ல (ரெண்டு றெக்கையையும் கோக்குற குழாய்) வரணும், பேட்டரிய ஃபயர்வால் (மோட்டார் மாட்டுற முன் பலகை) முட்டுற அளவுக்கு முன்னாடி தள்ளியும் 30 மில்லிமீட்டர் பின்னாடிதான் நின்னுச்சு. அப்ப வால் பக்கம் எங்கயோ வெயிட் இருக்கு. மோட்டாரும் சும்மா நேரா மாட்டியிருந்துச்சு, ரைட் த்ரஸ்ட் சுத்தமா இல்ல. ப்ராப் சுத்துற விதத்துல ப்ளேன் இடது பக்கம் இழுக்கும், அதுக்குத்தான் மோட்டார ரெண்டு ரெண்டரை டிகிரி வலது பக்கம் திருப்பி வெக்கிறது, அது கூட இல்லாம செங்குத்தா ஏத்தினா நேராவா போகும்? இத பறக்க விட்டவன் யாரா இருந்தாலும் முதல் வெர்டிகல்லயே மோட்டார சாய்ச்சு வெக்க வாஷர் தேடியிருப்பான்.

அண்ணன் ஒரு நூல எடுத்து வால் நுனிலேருந்து ரெண்டு றெக்கை நுனிக்கும் அளந்தாரு. ஒரு பக்கம் 12 மில்லி கம்மி. உடனே ஒண்ணும் சொல்லல, ஹீட் கன்ன எடுத்துட்டு வந்து, "உனக்கு ஓகேன்னா கீழ்ப்பக்கம் ஒரு இடத்துல கவரிங்க உரிக்கிறேன்"னாரு. சரின்னேன், நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துட்டு அப்புறம் உரிச்சோம். மஞ்சள் ஃபிலிமுக்கு அடியில பழைய சிவப்பு ஃபிலிம் துண்டு துண்டா ஒட்டிட்டு இருக்கு!! விங் சேடிலுக்கு (றெக்கை உக்கார்ற இடம்) பின்னாடி லாஞ்சரான் (உடம்போட நீளவாக்கு குச்சி) ரெண்டும் ஒடஞ்சு, 3 மில்லி ப்ளை வெச்சு அஞ்சு நிமிஷ எபாக்ஸிய அள்ளி ஊத்தி ஒட்டியிருக்கு, ஃபார்மர் (உடம்போட குறுக்குச் சட்டம்) ஒண்ணு கோணலா நிக்குது. புதுசா கட்டினதுன்னு சொன்ன ப்ளேன் ஏற்கனவே எங்கயோ குத்தி விழுந்த ப்ளேன். வால் வெயிட்டுக்கும் நூல் கணக்குக்கும் பதில் அங்க இருந்துச்சு.

சர்வோவ கேக்காதீங்க. மேல மெட்டல் கியர்னு ஸ்டிக்கர், தொறந்தா ஒரு கியர் ப்ளாஸ்டிக், எலிவேட்டர மேல அடிச்சு விட்டா ஒரு எடத்துல நிக்குது, கீழ அடிச்சு விட்டா வேற எடத்துல நிக்குது, சென்டர்ங்கறதே இல்ல. ஈஎஸ்சில 70ன்னு போட்ட ஸ்டிக்கர உரிச்சா கீழ 40. அதுல இருக்கறது லீனியர் பிஈசி (பேட்டரி வோல்ட்டேஜ குறைச்சு ரிசீவருக்கும் சர்வோவுக்கும் குடுக்கறது), 4எஸ் வோல்ட்டேஜ்ல நாலு டிஜிட்டல் சர்வோவ ஆட்டினா அது சூடாகி கட் ஆகறதுக்கு ரொம்ப சான்ஸ் இருக்கு, ரிசீவருக்கு (ரிமோட் சிக்னல வாங்குறது) கரண்ட் நின்னு போனா ப்ளேன் யார் தலையில போய் விழும்னு சொல்ல முடியாது. எனக்கு பணத்த விட இதுலதான் கோவம். கண்மாய்ல மாடு மேய்க்கிறவங்க, பசங்க எல்லாம் நின்னு வேடிக்கை பாப்பாங்க. பேட்டரி 2600 எம்ஏஹெச்னு போட்டு 210 கிராம்தான் இருந்துச்சு, அவ்வளவு கெப்பாசிட்டி இல்லன்னு அதுவே சொல்லிடும், மூணாவது செல்லோட இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் மத்ததுக்கு ரெண்டு மடங்கு, அதாவது அந்த செல் தளர்ந்து போச்சு.

ஃபோன் பண்ணேன். முதல்ல "ட்ரான்ஸ்போர்ட்ல அடிபட்டிருக்கும்ணே". பழைய சிவப்பு ஃபிலிம் ட்ரான்ஸ்போர்ட்லயா ஒட்டிச்சுன்னு கேட்டதும் "கவரிங்க உரிச்சுட்டீங்க, இனி வாரண்டி கிடையாது"ன்னு பேச்ச மாத்திட்டாரு. வீடியோல பறந்த ப்ளேனோட றெக்கை அடியில செக்கர் டிசைன் இருந்துச்சு, எனக்கு வந்ததுல அடிப்பக்கம் முழுக்க ப்ளைன் நீலம், அதக் கேட்டதும் பதிலே இல்ல. ட்ரிம்மிங் காசு 6,000 மட்டும் திரும்ப அனுப்பிட்டு ப்ளாக் பண்ணிட்டாரு. 1915க்கு கூப்பிட்டு நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணேன், மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷனுக்கும் போயிருக்கேன். நெறைய பேருக்கு தெரியல, 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கிடையாது, நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும். சாட், யூபிஐ ரசீது, உரிக்கறதுக்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோ எல்லாம் வெச்சிருக்கறதுதான் இப்ப எனக்கு கை குடுக்குது.

யாராவது ட்ரிம் பண்ணது, டெஸ்ட் பண்ணதுன்னு வித்தா காசு போடறதுக்கு முன்னாடி மாடல் ஃபைல கேளுங்க, கவரிங் போடறதுக்கு முன்னாடி எடுத்த வெறும் மரச்சட்டத்தோட ஃபோட்டோ கேளுங்க, உண்மையா கட்டினவன் ஃபோன்ல அது நூறு இருக்கும், கேக்காமலே அனுப்புவான். தராசுல வெச்சு வீடியோ கேளுங்க, பறக்குற வீடியோவ ஒரிஜினல் சத்தத்தோட கேளுங்க. அப்புறம் 45 டிகிரில ஏத்தி தலைகீழா திருப்பி ஸ்டிக்க விட்டா என்ன ஆச்சுன்னு கேளுங்க, நேராவே போச்சா, மூக்கு தரைக்கு இறங்குச்சா, மேல ஏறுச்சா. சிஜி பாக்கற டெஸ்ட் அதான், பண்ணியிருந்தா யோசிக்காம பதில் சொல்லுவான்.

இப்ப வேற பேர்ல ஒரு எட்ஜ் 540 (இன்னொரு ஏரோபேட்டிக் ப்ளேன்) விளம்பரம் சுத்துது, மஞ்சள் நீலம், பின்னாடி அதே ஊதா கலர் சுவர், அதே டேபிள். யாராவது அட்வான்ஸ் போட்டிருந்தீங்கன்னா இன்பாக்ஸ் வாங்க, என்கிட்ட இருக்கற ஸ்க்ரீன்ஷாட்டும் கம்ப்ளைன்ட் காப்பியும் தர்றேன்.