மதுரை வெயிலில் கமேலியா: 6 வருஷம், 21 பூ

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் மூன்று கமேலியாக் கன்றுகள் வாங்கினேன், தேயிலைக்கு உறவான, பூவுக்காக வளர்க்கும் மலைச்செடி. இன்று என் கையில் இருப்பது ஒன்று. அது இதுவரை பூத்தது 21 பூ. டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்: 2020-ல் 3, 2021-ல் ஒன்றுமில்லை, 2022-ல் 5, 2023-ல் 7, 2024-ல் 6. மாட்டுத்தாவணியில் மல்லிகையை மூட்டை மூட்டையாக இறக்கும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என் மாமியார் சிரித்தார்.

வீடு திருப்பாலை பக்கம், மூன்று சென்ட். வீடு போக மிச்சம் கிழக்கே ஒரு போர்டிகோ, அப்புறம் மொட்டை மாடி. கொடைக்கானலில் ஒரு பழைய பங்களா வாசலில் பார்த்த பூதான் எல்லாவற்றுக்கும் காரணம். அளவெடுத்து அடுக்கியது போன்ற இதழ்கள், மெழுகு தேய்த்ததுபோல் இலை. தொட்டிக்கு ஏற்றபடி குட்டையாக வளரும் ரகங்களும் உண்டு என்று தெரிந்ததும் விடவில்லை. கலிம்போங் பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். இரண்டு ஜப்போனிகா வகை, ஒன்று சசான்குவா வகை. சசான்குவாவின் சீட்டில் ‘சிஷிகாஷிரா’ என்று இருந்தது. ஜப்பானிய மொழியில் சிங்கத்தலை என்று அர்த்தமாம். ஆள் அப்படியொன்றும் கர்ஜிக்கிற ஆளில்லை. பக்கவாட்டில் படர்ந்து, ஆறு வருஷத்தில் இரண்டரை அடி உயரம்தான் வந்திருக்கிறது.

முதல் வருஷம் மல்லிக்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். செம்மண், ஆட்டு எரு, மாடியில் நல்ல வெயில், போர் தண்ணீர். தேயிலையின் தாவரப் பெயரே கமேலியா சினென்சிஸ் என்பது தெரிந்தும், தேயிலை எந்த மண்ணில் வரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. இந்தக் குடும்பத்துக்கு வேண்டியது அமில மண், பி.எச். 5.5-லிருந்து 6.5 வரை (7-க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்). எங்கள் போர் தண்ணீரில் பி.எச். தாளை நனைத்தால் 8-க்கான நிறம் வந்தது. ஆர்.ஓ. சர்வீசுக்கு வந்த தம்பியின் மீட்டரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,380. இதைத்தான் தினமும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் இலை பேச ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவிலெல்லாம் மஞ்சள், பச்சை நூலில் பின்னிய வலைபோல. மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. மண்ணில் இரும்புச் சத்து இல்லாமல் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் அது கரையாமல் கிடக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. நான் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எரு போட்டேன். அத்தை, அதாவது மாமியார், தன் பங்குக்கு முட்டை ஓட்டை நுணுக்கியும் அடுப்புச் சாம்பலை அள்ளியும் போட்டிருக்கிறார். ரோஜாவுக்குப் போடுகிறவர்தான், பாசத்தில் இதற்கும் போட்டுவிட்டார். இரண்டுமே சுண்ணாம்புப் பக்கம் இழுப்பவை. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் ஒரு ஜப்போனிகா போய்விட்டது. தொட்டியைக் கவிழ்த்தபோது வேர் பழுப்பாக, தொட்டால் தோல் உரிகிற நிலையில் இருந்தது. மேலே வெயில், கீழே சொதசொதவென்று ஈரம், இரண்டும் சேர்ந்து முடித்துவிட்டன.

இன்னொரு ஜப்போனிகாவைப் பண்ணைக்காட்டில் இருக்கும் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டேன். காப்பித் தோட்டத்து வீட்டில், சில்வர் ஓக் நிழலில் தரையிலேயே வைத்தான். வேறு எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் போட்டோ அனுப்புகிறான். போன தடவை எண்ணுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னான். வயிற்றெரிச்சல்தான், ஆனால் செடி பிழைத்தது.

மூன்றாவதாக எஞ்சிய சசான்குவாவுக்கு 2019 ஜூனில் எல்லாவற்றையும் மாற்றினேன். மாடியிலிருந்து இறக்கி, காலை ஒன்பதரை வரை மட்டும் வெயில் விழும் போர்டிகோவில் வைத்தேன். செம்மண்ணை உதறிவிட்டு, சோழவந்தான் பக்கத்திலிருந்து வாங்கிய தென்னை நார்க்கழிவு நாலு பங்கு, மக்கிய இலை மூன்று பங்கு, உடைத்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு. நார்க்கழிவைக் கழுவாமல் போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். சாக்கில் கட்டி மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தேன், முதல் தண்ணீர் கட்டங்காப்பி மாதிரி வந்தது. நடும்போது வேர்க்கட்டியின் தலை மண்மட்டத்துக்கு அரை இஞ்சு மேலே நிற்க வேண்டும். இதன் தீனி வேர்கள் மேலாகவே ஓடுபவை, ஆழமாகப் புதைத்தால் மூச்சு முட்டும். அதனால் களைக்கொத்தும் போடுவதில்லை. மேலே நிலக்கடலைத் தோல் மூடாக்கு.

தொட்டி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கறுப்பு குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) வைத்த முதல் கோடையில் மத்தியானம் கையை உள்ளே விட்டால் ரசம்போலச் சுட்டது, அதுவும் நிழலில். சிமெண்ட் தொட்டி குளுமைதான், ஆனால் சுண்ணாம்பு கக்கும். கடைசியில் கடம் செய்கிற மானாமதுரைக்கே போய் இரண்டு மண்தொட்டி வாங்கி வந்தேன், ஒன்று 12 இஞ்சு, இன்னொன்று 18. சின்னதைப் பெரியதற்குள் வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி, மணலை மட்டும் காலை மாலை நனைக்கிறேன். இரண்டுக்கும் அடியில் ஓட்டை உண்டு, தண்ணீர் தேங்கக் கூடாது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தைதான். மே மாதம் செடி வாடாமல் நின்றது இதற்கப்புறம்தான். மணலுக்குப் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு சுவர் வழியே உள்ளே போகும் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. 2021-ல் ஒரு பூவும் இல்லாததற்குப் பாதிக் காரணம் அது என்று நினைக்கிறேன்.

சரி, நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மாடிக் குழாயின் கீழே 500 லிட்டர் டிரம். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் தளம் 50 சதுர மீட்டர், ஆக ஐப்பசியில் ஒரே நல்ல மழையில் டிரம் நிறைந்துவிடும். ஒரு செடிக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் எட்டு மாதம் வரும். தொட்டி மணலுக்கும் சேர்த்து ஊற்றினால் பங்குனியிலேயே காலி. அங்கே கைகொடுத்தது ஏசி. அதன் குழாயில் சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது, உப்பே கிடையாது. ஒரு ராத்திரிக்கு முக்கால் வாளி. வெயில் ஏற ஏற ஏசி கூடுதலாக ஓடும், தண்ணீரும் கூடுதலாகக் கிடைக்கும். கோடையில் கரண்ட் பில் கட்டும்போது இந்த ஒரு ஆறுதல். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது போர் தண்ணீரைவிட மோசம்.

மஞ்சள் போக இரும்பு உரமும் கொடுத்தேன். கடைக்காரர் முதலில் தந்தது இ.டி.டி.ஏ. வகை, பி.எச். ஏறினால் அது வேலை செய்யாது. இ.டி.டி.எச்.ஏ. என்று கேட்டு வாங்க வேண்டும். விலை அதிகம், ஒரு சிட்டிகை போட்டாலே தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி சிவக்கும். புதுத் தளிர் மூன்று வாரத்தில் பச்சையாக வந்தது. பழைய இலை மாறவில்லை. மற்றபடி பூ முடிந்ததும் ஒரு கைப்பிடி ஆமணக்குப் புண்ணாக்கு, ஜூனில் இன்னொன்று. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்பும்.

இனி பூ. ஆடியில் மொட்டு வைக்கும், பச்சை மிளகு அளவில். வைத்ததெல்லாம் பூக்காது. புரட்டாசிப் புழுக்கத்தில் பாதி உதிரும். ஒருநாள் தண்ணீர் தவறினால் அன்று ஒன்றும் தெரியாது, பத்து நாள் கழித்துத் தரையில் மொட்டாகக் கிடக்கும். இப்போது கொத்துக்கு ஒன்று விட்டு மற்றதை நானே திருகி எடுத்துவிடுகிறேன். மார்கழியில், ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கும்போது, மிச்சம் இருப்பது விரியும். ரோஜா நிறம், நடுவில் மஞ்சள் மகரந்தம், இரண்டு இஞ்சுகூட வராது. மலையில் இதே ரகம் இன்னும் பெரிதாகப் பூக்கும் என்பதை மறைக்கவில்லை.

முதல் பூவை அத்தையிடம் பெருமையாகக் கொடுத்தேன். மோந்து பார்த்தார், வாசனை இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கிற அளவுதான். மல்லிச் சரத்தின் நடுவில் வைத்துத் தொடுக்கப் பார்த்தார். நாரை இறுக்கியதும் இதழ் இதழாக மடியில் கொட்டிவிட்டது. ஜப்போனிகா முழுப்பூவாக விழும், சசான்குவா இப்படித்தான் தனித்தனி இதழாக உதிரும். “தலையில வைக்க ஆகாத பூவுக்கு இம்புட்டுப் பாடு படுறீகளே மாப்ளே” என்றார்.

மதுரையில் யாராவது கேட்டால் ஜப்போனிகா வேண்டாம் என்றே சொல்வேன். கிழக்குப் பார்த்த நிழலும் மழைத்தண்ணீரும் இருந்தால் சசான்குவா ஒன்று, அதுவும் பிடிவாதக்காரர்களுக்கு மட்டும். கமேலியா வீட்டில் இருந்தால் போதும் என்பவர்கள் தேயிலைக் கன்றே வைக்கலாம். 2021-ல் மேகமலை போய்வந்த நண்பர் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதே மண், அதே தண்ணீர், ஒரு முணுமுணுப்பு இல்லை. நுனியைக் கிள்ளக் கிள்ள மூன்றடியில் அடர்ந்து நிற்கிறது. ஐப்பசியில் சின்ன வெள்ளைப் பூவும் உண்டு. கிள்ளிய கொழுந்தை ஒருமுறை தோசைக்கல்லில் வாட்டி, கையால் கசக்கி, காயவைத்து டீ போட்டோம். புல் வாசம்தான் தூக்கலாக இருந்தது. அத்தை மட்டும் இரண்டாவது டம்ளர் கேட்டார்.

சசான்குவாவில் இந்த வருஷம் ஒன்பது மொட்டு விட்டிருந்தேன். நேற்றுக் காலை கூட்டும்போது ஒன்று கிடந்தது. எட்டு.